பஸ்ரியன் அத்தானும் இருட்டு அடியும்

என் அக்காவின் கணவர் பஸ்ரியன் அத்தான் எல்லா விஷயத்திலும் அக்கா சொல்வதற்குத் தலையாட்டுகிற மனிதர். இரண்டு விஷயங்களில் மட்டும் கடவுளே இறங்கி வந்து சொன்னாலும் கேட்க மாட்டார். ஒன்று எஞ்சின். மற்றது வெண்சங்கு இசைக்குழு.

நாங்கள் எல்லோரும் ஒரே வளவுக்குள்தான் இருக்கிறோம். மன்னாரிலிருந்து தலைமன்னார் போகிற வீதியில் கடற்கரைப் பக்கமாக இறங்கினால் எங்கள் வளவு. முன்னால் அக்கா வீடு, பின்னால் என் வீடு, நடுவில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் இரண்டு ஜெனரேற்றர், வயர்ச் சுருள்கள், குழல் விளக்குகள், அடுக்கி வைத்த பிளாஸ்ரிக் கதிரைகள். என் தையல் மெசின் ஜன்னலோரம் இருப்பதால் கொட்டிலில் யார் என்ன கதைத்தாலும் எனக்குக் கேட்கும். நான் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை. பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை பூட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு இந்த ஆம்பிளைகளின் சங்கீத ஞானம் எதற்கு? ஆனால் காதைப் பொத்திக்கொண்டு தைக்க முடியாதே.

அத்தான் முன்பு கடலுக்குப் போனவர். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் ஆட்கள் முதலில் மாதாவைக் கூப்பிடுவார்கள், அடுத்தது பஸ்ரியனைத்தான் என்று அக்கா பெருமையடிப்பாள். முதுகு பிசகி, இனிப் படகில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகு கொஞ்சக் காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். அக்காதான் ஏசி ஏசி எழுப்பினாள். பழுதாகிக் கிடந்த ஒரு ஜெனரேற்றரைக் கழற்றிப் பூட்டி ஓட வைத்தார். பிறகு கலியாண வீடு, செத்த வீடு, கோயில் பெருநாள் எல்லாவற்றுக்கும் லைற் போடத் தொடங்கினார். இன்றைக்கு இந்தக் கரையில் பெருநாள் என்றால், "பஸ்ரியனுக்குச் சொல்லியாச்சோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவருடைய ஜெனரேற்றர் நடுவில் நின்றுபோனது என்று ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தப் பெயருக்காக அவர் சாப்பாடு தண்ணி இல்லாமலும் நிற்பார்.

வெண்சங்கு தொடங்கியது, சண்டை முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த காலத்தில். கோயிலுக்கு அப்போது பாதிக் கூரைதான். முதல் பெருநாளுக்கு எங்களூர்ப் பெடியள் கடன் வாங்கிய கிற்றாரும் கீபோட்டுமாக மேடை ஏறினார்கள். ட்ரம்ஸ் வாசித்தவன் றொட்னி, மீசை அரும்பின வயது. மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. அந்த நாட்களில் திடீரென்று இருட்டினால் எங்களுக்கு நெஞ்சு நின்றுவிடும். பிள்ளைகள் குளறின. தாய்மார் அதுகளின் வாயைப் பொத்தினார்கள். சிலர் பழக்கதோஷத்தில் நிலத்தோடு குந்திவிட்டார்கள். மைக்கும் இல்லை, கிற்றாரும் இல்லை. றொட்னி மட்டும் நிறுத்தவில்லை. கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டு அடித்துக்கொண்டே இருந்தான். ட்ரம்ஸுக்குக் கரண்ட் தேவையில்லைதானே. சனம் மெல்ல எழும்பிக் கைதட்டத் தொடங்கியது. கரண்ட் திரும்பி வரும்வரைக்கும் அவன் அடியும் எங்கள் கைகளும்தான். லைற் வந்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து ஒன்றாக எழும்பியது. அத்தான் வாய்விட்டு அழுதார். "இனி இருட்டுக்குப் பயமில்லை யசிந்தா," என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அழுகை வந்தது.

அதன்பிறகு அதற்கு "இருட்டு அடி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அத்தானின் ஜெனரேற்றர் வருவதற்கு முந்திய அந்தக் காலத்தில் கரண்ட் போகாத பெருநாளே இல்லை. எப்போது போகும் என்று சனம் காத்துக்கொண்டிருக்கும். போனதும் ஒரு கூச்சல் கிளம்பும் பாருங்கள், பாட்டுக்கு அப்படிக் கூச்சல் கிளம்பியதில்லை. அத்தான் முசலியில் கச்சேரி என்றாலும் போவார், நானாட்டானில் என்றாலும் போவார்.

கொட்டிலில் கூடுகிற சங்கீத வித்துவான்கள் மூன்று பேர். அத்தான் ஒருவர். அடுத்தது சனூன், மீன் லொறி ஓட்டுகிறவர். லொறியை வீதியில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிக்கு வந்து ஒரு மணித்தியாலம் கதைப்பார். மற்றது உயிலங்குளத்துக் கிருஷாந்தன், வயற்காரன். தன்னுடைய உழவு மெசினைத் திருத்துகிற சாட்டில் மாதத்தில் நாலு தரம் வருவான். கோயில் பெருநாள் என்றால் அந்த மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் சனத்தை ஏற்றிக்கொண்டு வருகிறவனும் அவன்தான். வேறு சமயத்து ஆட்களாக இருந்தும், அந்தோனியார் பெருநாள் எப்போது, செபஸ்தியார் பெருநாள் எப்போது என்று இரண்டு பேரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். வெண்சங்கு வாசிக்கிற நாளாயிற்றே.

கொஞ்சக் காலமாக அவர்களுடைய கதை முழுக்க வெண்சங்கு மாறிப்போன கதையாகவே இருந்தது.

"இப்ப உள்ளது வெண்சங்கோ?" என்பார் சனூன். "பாதிப் பாட்டுக் கொம்பியூட்டருக்குள்ளால வருது. பழைய ஆக்கள் மேடையில நிக்கினம், அவ்வளவுதான்."

"ட்ரம்பெற் வாசிச்ச மனுசனை நிப்பாட்டிப்போட்டினம். இப்ப ஒரு பொத்தானை அமத்தினா ட்ரம்பெற்," என்பான் கிருஷாந்தன்.

அத்தான் விடமாட்டார். "காலத்துக்கு ஏத்தமாதிரி மாறத்தானே வேணும். நீ இப்பவும் மாடு பூட்டியோ உழுகிறனி?"

"என்ர மெசின் உழுகுது அண்ணை. உங்கட றொட்னி உழுகேல்ல. சும்மா கையை ஆட்டிக்கொண்டு இருக்கிறான். அடி முழுக்க மெசின்ர அடி."

இந்த இடத்தில் அத்தானுக்குக் கோபம் வரும். பாட்டுக்காரனைச் சொல்லுங்கள், கீபோட் வாசித்து எல்லோரையும் நடத்துகிற றொசாந்தனைச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டு கேட்பார். றொட்னியைத் தொட்டால் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்துவிடுவார்.

"அப்ப அவனுக்குப் பக்கத்தில சிவப்பு லைற் ஒண்டு விட்டு விட்டு எரியுதே, அது என்னத்துக்கு? கலியாணப் பொம்பிளைக்குச் சோடிச்ச மாதிரி," என்று கிருஷாந்தன் கிண்டினான்.

அந்தச் சிவப்பு லைற் அத்தானுக்கும் பிடிக்காது. ஆனால் அதற்கு வயர் இழுத்துக் கொடுத்ததே அவர்தான். "றொசாந்தன் கேட்டவன், குடுத்தனான். ஏதோ பெடியளின்ர பாஷன்," என்று முணுமுணுத்தார்.

சனூன் சிரித்துக்கொண்டு, "பஸ்ரியன் அண்ணை, உள்ளதைச் சொல்லட்டோ? இருட்டு அடியைச் சாகடிச்சதே நீங்கள்தான். உங்கட ஜெனரேற்றர் நிண்டாத்தானே அவன் அடிக்கிறதுக்கு?" என்றார்.

எனக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் சிரிக்கவில்லை. அத்தனை வருடமாக இதை அவர் யோசித்திருக்கவே இல்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

"அவன்ர கை அதே கைதான்," என்றார் கடைசியில். "எங்கட பெருநாளுக்கு வாங்கோ ரெண்டு பேரும். காட்டுறன்."

"என்னத்தைக் காட்டப்போறியள்?"

அதை அவர் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாள்.

எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். றொட்னிக்குக் காது கேட்பதில்லை. பாட்டால் மட்டும் குடும்பம் நடத்த முடியாது. அவன் சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குகிறவன். ஆழத்துக்குப் போய்ப் போய் முதலில் ஒரு காது அடைத்தது. போன வருடம் மற்றதும் போய்விட்டது. பெடியன் எப்போதும் சிரித்துத் தலையாட்டுகிறவன், அதிகம் வாய் திறக்காதவன். எதிரில் நின்று கதைத்தால் வாயைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவான். அதனால் ஊருக்கு விளங்கவில்லை. விளங்கியது அவன் மனைவி பெற்றிசியாவுக்கும் குழுவில் உள்ளவர்களுக்கும்தான். ட்ரம்ஸ்காரனுக்குக் காது கேட்காது என்று வெளியே தெரிந்தால் எந்தக் கோயில் சபை கூப்பிடும்? றொசாந்தன்தான் வழி கண்டுபிடித்தான். கொம்பியூட்டரில் தாளத்தை ஓடவிட்டு, அந்தத் தாளத்துக்கு எரிந்து அணைகிற மாதிரி றொட்னியின் பக்கத்தில் ஒரு சிவப்பு லைற்றை வைத்தான். றொட்னி அதைப் பார்த்துத்தான் வாசித்தான். கூட்டாளியை இறக்கிவிடாமல் வைத்திருக்க அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. எங்கள் கொட்டிலில் அதைத்தான் பொம்பிளைச் சோடனை என்று சிரித்தார்கள்.

பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் வெஸ்பர் ஆராதனை முடிந்தது. சுவாமியார் ஆசீர்வாதம் கொடுத்ததும் சனம் கோயில் முன்றலில் இருந்து மேடைப் பக்கம் திரும்பியது. நானும் அக்காவும் முன்னுக்குக் கதிரை பிடித்துக்கொண்டோம். மேடைக்கு வலது பக்கம் கிருஷாந்தனும் அவன் ஏற்றி வந்த உயிலங்குளத்து ஆட்களும் நின்றார்கள். சனூன் லொறியின் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். காற்று நன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. கட்டியிருந்த கொடிகள் படபடவென்று அடித்தன. பெற்றிசியா மேடைப் படிக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். புருசனுக்குத் தண்ணிப் போத்தல் கொடுக்கத்தான் நிற்கிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

வெண்சங்கு நன்றாகத்தான் வாசித்தது. நாலைந்து பாட்டுப் போனதும், மேடைக்குப் பின்னால் ஜெனரேற்றரடியில் நின்ற அத்தான் எஞ்சினை நிறுத்தினார். சுவிச்சைத் தட்டினாலே போதும். ஆனால் எஞ்சின் சத்தம் இல்லாமல் றொட்னியின் அடி மட்டும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். பிறகு சொன்னார்.

கோயில் கோபுரத்து விளக்கைத் தவிர எல்லாம் இருட்டு. ஒரு கணம் ஒரு சத்தமும் இல்லை. அதன்பிறகு றொட்னி தொடங்கினான்.

அந்தக் கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "இருட்டு அடி! இருட்டு அடி!" என்று பழைய ஆட்கள் கதிரைகளில் ஏறிவிட்டார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பழைய பெருநாள் ஞாபகம் வந்தது. சனம் கைதட்டத் தொடங்கியது.

கொஞ்ச நேரம் அடியும் கையும் சேர்ந்து போயின. பிறகு றொட்னி வேகம் எடுத்தான். நாங்களும் எடுத்தோம். அவன் குறைத்தான். நாங்கள் குறைக்குமுன் மீண்டும் எடுத்தான். கைதட்டு இரண்டாக உடைந்தது, மூன்றாக உடைந்தது. தடி ட்ரம்மின் விளிம்பில் பட்டு டக், டக் என்றது. அவனுக்கு அது தெரியவில்லை. எங்கள் பக்கம் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெடியள் போன் லைற்றைத் தூக்கி வீடியோப் படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

அத்தான் பயந்து எஞ்சின் கயிற்றை இழுத்து ஓடவிட்டார். லைற் எல்லாம் எரிந்தது. வழக்கப்படி றொசாந்தன் தலையை ஆட்டினான், பாட்டு விட்ட இடத்திலிருந்து எழும்பியது.

றொட்னி நிறுத்தவில்லை. கண்ணை மூடித் தலையைக் குனிந்தபடியே இருந்தான். சிவப்பு லைற் பக்கத்தில் எரிந்து எரிந்து அணைந்தது. பாட்டு ஒரு பக்கம் போனது, அடி வேறு பக்கம் போனது. பாட்டுக்காரன் நிறுத்தினான். மீண்டும் தொடங்கினான். மீண்டும் நிறுத்தினான். "அண்ணை, கரண்ட் வந்திட்டுது!" என்று யாரோ கத்த, கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. "ஆளுக்குக் காது செவிடோ?" என்று இன்னொரு குரல். அதற்கும் சிரிப்பு. பெற்றிசியா கோயில் முக்காட்டை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள்.

கடைசியில் றொசாந்தன் எழும்பிப்போய் றொட்னியின் தோளில் கையை வைத்தான். றொட்னி கண்ணைத் திறந்தான். லைற் எரிகிறது, சனம் முழுக்க எழும்பி நிற்கிறது, எல்லா வாயும் சிரிக்கிறது. அவன் என்ன நினைப்பான்? எழும்பி நின்று இரண்டு தடிகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். அப்படி ஒரு சந்தோசமான முகத்தை நான் பிறகு காணவில்லை. எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது.

மேடைக்குப் பின்னால் நடந்ததை அத்தான் பிறகுதான் சொன்னார். றொசாந்தன் ஓடிவந்தானாம். அவன் அத்தானைக் குறைசொல்லவில்லை. "அண்ணை, அவனுக்கு ரெண்டு காதும் கேக்காது. அந்தச் சிவப்பு லைற்றைப் பாத்துத்தான் வாசிக்கிறவன். இவ்வளவு காலமும் மறைச்சு வச்சிருந்தம். உங்கட மெசின் இண்டைக்குப் பாத்தோ பழுதாகோணும்?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றானாம்.

நான்தான் நிறுத்தினேன் என்று அத்தான் அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது, "எண்ணெய் அடைச்சுப்போட்டுது."

அதற்குள் றொட்னி வந்துவிட்டான். வேர்த்து ஒழுக ஒழுக அத்தானைக் கட்டிப்பிடித்து, "அண்ணை, நல்ல நேரத்தில கரண்ட் போனது. எத்தினை வருசத்துக்குப் பிறகு! சனம் சிரிச்ச சிரிப்பைப் பாத்தனீங்களோ?" என்றானாம்.

அடுத்த நாளே படம் எல்லாருடைய போனிலும் வந்துவிட்டது. றொட்னிக்குக் காது கேட்காது என்ற கதையும் அதோடு ஊருக்குள் பரவிவிட்டது. லண்டனில் இருக்கிற எங்கள் மச்சாள்காரிகூட அனுப்பியிருந்தாள், கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகளோடு. நான் அதை அழித்துவிட்டேன். அத்தான் அழிக்கவில்லை. கொட்டிலுக்குள் கதிரைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனூன் வந்தார். தேத்தண்ணி குடித்தார். மீன் விலை கதைத்தார், காற்று கதைத்தார், போய்விட்டார். கிருஷாந்தன் வந்து திருத்தக் கொடுத்த சாமானை எடுத்துக்கொண்டு, "அப்ப வாறன் அண்ணை," என்றான். இருவரும் பெருநாளைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "காட்டுறன்" என்று இவர் சொன்னதை அவர்கள் மறக்கவில்லை. அவர் என்ன செய்தார் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. வாய் ஓயாமல் கதைத்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததுதான் அத்தானைக் கொன்றது. கேட்டு ஏசியிருந்தால் அவருக்கு ஒரு இரவாவது நித்திரை வந்திருக்கும்.

பிறகு கோயில் சபைத் தலைவர் போன் எடுத்தார். பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மைக் கொண்டாட்டத்துக்கு வேறு இடத்தில் ஜெனரேற்றர் பார்க்கப்போகிறோம், வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் இப்படி நின்றுபோனால் ஊருக்கு அவமானம் என்றார். அக்கா போனைப் பறித்து, "ஒருநாளும் நிக்காத மெசின் ஒருக்கா நிண்டதுக்கு இப்பிடியோ?" என்று பெரிய சண்டை பிடித்தாள். அத்தான் பக்கத்தில் நின்று நிலத்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். தனக்காகப் பொய்க்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று தெரிந்தும் அக்காவை நிறுத்தத் துணிவு வரவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் பெற்றிசியா என் ஜன்னலடிக்கு வந்தாள். மகளின் புதுநன்மைச் சட்டைக்கு வெள்ளைத் துணி கொண்டுவந்திருந்தாள். றொட்னி நேரே கொட்டிலுக்குப் போனான்.

"அண்ணை, சபையில போய்க் கதைச்சுப்போட்டன்," என்றான். காது போன பிறகு அவனுடைய குரல் கொஞ்சம் உரத்துத்தான் வரும். அதைக்கூட நாங்கள் அப்போதுதான் கவனித்தோம். "பஸ்ரியன் அண்ணையை நிப்பாட்டக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன். கரண்ட் போனதுதான் அண்டைக்கு நல்ல விசயம் எண்டு சொன்னனான். புதுநன்மைக்கும் உங்கட மெசின்தான்."

அத்தான் தலையை ஆட்டினார்.

"எனக்குத்தான் இனிக் கொஞ்ச நாளைக்கு இல்லை," என்று றொட்னி சிரித்தான். "டொக்டரிட்டக் காதைக் காட்டிப்போட்டு வா, பிறகு பாப்பம் எண்டு றொசாந்தன் சொல்லிப்போட்டான். பரவாயில்லை அண்ணை. போறதுக்கு முதல் ஒரு இருட்டு அடி அடிச்சுப்போட்டன்தானே."

பெற்றிசியா துணியை அளக்க விரித்த கையோடு அப்படியே நின்றாள். அவனுக்கு ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. றொசாந்தனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. போனில் வந்த படத்தையும் அவள் காட்டவில்லை.

அத்தான் மெல்லத் திரும்பி, றொட்னிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜெனரேற்றருக்கு மேலே குனிந்தார். எண்ணெய் மூடியைத் திருகினார். அந்த மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான்தான்ரா நிப்பாட்டினனான். ஒரு அடைப்பும் இல்லை. வேணுமெண்டுதான் நிப்பாட்டினனான். என்னை மன்னிச்சுக்கொள்ளு."

றொட்னி சுவரில் தொங்கிய வயர்ச் சுருளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எப்படிக் கேட்கும்? கேட்காது என்று தெரிந்துதானே சொன்னார். பாவசங்கீர்த்தனத்தை யாருக்கும் கேட்காமல் செய்து முடித்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று என் அத்தான் நினைத்தார். எனக்கு அந்த நேரம் அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அவருக்காக நான் வெட்கப்பட்டேன். எனக்கு மூத்த அண்ணன் மாதிரி இருந்த மனிதர் இப்படிக் கோழையாகக் குனிந்து நிற்பதைப் பார்க்கவே கூசியது.

பெற்றிசியா துணியை என் கையில் தந்துவிட்டுக் கொட்டில் வாசலுக்குப் போனாள். சத்தம் போடவில்லை.

"பஸ்ரியன் அண்ணை, திரும்பி நிண்டு சொல்லுங்கோ. அவர் வாயைப் பாத்துத்தான் விளங்கிறவர்."

அத்தானின் முதுகு அப்படியே நின்றது. அவள் அங்கே வந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மூடியைக் கையில் பிடித்தபடி திரும்பினார். றொட்னி மனைவியைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், என்ன என்ற மாதிரிச் சிரித்தான்.

"நான்... நிப்பாட்டினனான்," என்றார் அத்தான். உதடு சரியாக அசையவில்லை.

"என்ன அண்ணை? விளங்கேல்ல. திருப்பிச் சொல்லுங்கோ."

"நான்தான் நிப்பாட்டினனான்!" வாயைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அப்படிச் சொல்லும்போது சத்தமும் தானாக வந்துவிட்டது. அக்கா அகப்பையோடு குசினிக்குள்ளிருந்து ஓடி வந்தாள். வேலிக்கு அங்கால் தலைகள் எழும்பின. "வெஸ்பரண்டைக்கு ஜெனரேற்றரை நான்தான் நிப்பாட்டினனான்! மெசின் பழுதாகேல்ல!"

றொட்னியின் சிரிப்பு போய்விட்டது. "ஏன் அண்ணை?"

"உன்ர இருட்டு அடியைக் கேக்கோணும் எண்டு. உன்ர கை அதே கைதான் எண்டு சனூனுக்கும் கிருஷாந்தனுக்கும் காட்டோணும் எண்டு."

அக்கா அகப்பையைக் கீழே விட்டாள். றொட்னி கோபப்படுவான் என்று நான் எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது, அடித்தாலும் நல்லது என்று அத்தானும் எதிர்பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்தது. றொட்னி ஓரடி கிட்ட வந்தான். மேடையில் அந்தச் சிவப்பு லைற்றைப் பார்ப்பதுபோல அத்தானின் வாயையே பார்த்தான்.

"அப்ப சொல்லுங்கோ அண்ணை," என்றான். "முதல் பெருநாளில இருந்து கேக்கிற ஆள் நீங்கள்தான். வீட்டில கேட்டாலும் நல்லா இருந்தது எண்டினம், றொசாந்தனும் நல்லா இருந்தது எண்டுறான். எனக்குக் கேக்கேல்ல. உங்களுக்குக் கேட்டதுதானே. எப்பிடி இருந்தது?"

பெற்றிசியா கையால் வாயை மூடிக்கொண்டாள். எத்தனையோ பின்னேரம் அதே கொட்டிலில் இருந்து, வெண்சங்கின் ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொரு அடியையும் பற்றி ஓயாமல் வாதாடிய மனிதர் என் அத்தான். இப்போது உதட்டை நனைத்துக்கொண்டார். பெற்றிசியாவைப் பார்த்தார். அவள் சொல் என்றும் தலையாட்டவில்லை, சொல்லாதே என்றும் தலையாட்டவில்லை.

"தாளம் பிழைச்சுப்போச்சு," என்றார். குரல் வெளியே வரவில்லை. வாய் மட்டும்தான் அசைந்தது.

இந்த முறை றொட்னி திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.